இல்லத்தில் வளர்ந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 18 வயதாகும்போது: உடன் நிற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகள் இல்லத்தில் கேஸ் வொர்க்கராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர், ஒரு பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்து வளர்க்கும் குடும்பம், பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் ஒரு பிள்ளையிடம் மனம் ஒட்டிக்கொண்ட தன்னார்வலர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே சொல்கிறேன்.

18 வயது முடிந்ததும் பல ஏற்பாடுகள் ஒரே சமயத்தில் நின்றுபோகின்றன. இளைஞர் நீதிச் சட்டப்படி அவர் இனி குழந்தை இல்லை. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் பராமரிப்பு ஆணை முடிகிறது. வளர்ப்புக் குடும்பத்துக்கு வந்த மாத உதவி நிற்கிறது. பிள்ளைகளின் குறைபாட்டைக் கண்டறிந்து சிகிச்சை தர அரசு மருத்துவமனைகளில் இருக்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் 18 வயது வரைதான் பார்க்கும். சிறுவயதில் வாங்கிய மாற்றுத்திறன் சான்றிதழும் பல பேருக்கு அதே சமயத்தில் காலாவதியாகிறது. மற்ற பிள்ளைகளுக்கு இது ஒரு மாற்றம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கோ, ஒரு துறையின் பொறுப்பிலிருந்து இன்னொரு துறையின் பொறுப்புக்குப் போகும் பயணம். குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு (மாவட்ட அளவில் இந்தப் பிள்ளைகளைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) அந்தப் பிள்ளையைத் தெரியும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு அவருக்கான திட்டங்கள் தெரியும். இங்கிருக்கும் கோப்பு தானாக அங்கே போவதில்லை. யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த ஒருவராக இருப்பதுதான் உங்கள் வேலை.

16 வயதிலேயே தொடங்குங்கள்

2016-ம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகள், இல்லத்தை விட்டுப் போவதற்கு இரண்டு மாதம் முன்பு வெளியேறும் திட்டத்தைத் தயாரித்துக் குழந்தைகள் நலக் குழுவிடம் தர வேண்டும் என்கின்றன. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இந்த இரண்டு மாதம் எந்த மூலைக்கும் போதாது. மருத்துவச் சான்றிதழுக்கே மாதக்கணக்கில் ஆகலாம், தங்குமிடம் தேட அதைவிட அதிகம் ஆகலாம். அதனால் 16 வயதில் தொடங்குங்கள்.

முதலில் அவருடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இது இருந்தே ஆக வேண்டும். மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றி 2007-ல் தொடங்கிய வழக்கில், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. பக்கத்துப் பிள்ளையின் கோப்பில் இருக்கும் அதே வரிகள் இதிலும் இருந்தால் புதிதாக எழுதச் சொல்லுங்கள். எந்த மாதிரிக் குறைபாடு, எதைத் தானே செய்வார், எதற்கு உதவி தேவை, எந்த மருந்து, யாரோடு நெருக்கம், கூடப் பிறந்தவர்கள் எந்த இல்லத்தில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அப்புறம் அவரிடம் பேசுங்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதிகமாகத் தவறிப்போவதும் இதுதான். வார்டன் மேடம் பக்கத்தில் நின்று, "அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார், நாங்க சொன்னா கேட்டுக்குவான்" என்று பதில் சொல்லிவிடுவார். அன்பினால்தான் சொல்கிறார். இருந்தாலும் அந்த இடத்திலிருந்து அவரை மெதுவாக நகர்த்திவிட்டு நீங்கள் தனியாக உட்காருங்கள். பேச்சு வராதவராக இருந்தால் படங்கள், புகைப்படங்கள், கைபேசியில் எடுத்த வீடியோ எல்லாம் உதவும். காது கேளாதவராக இருந்தால் சைகை மொழி தெரிந்தவரை அழைத்து வாருங்கள். கிடைக்காவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் "உனக்கு என்ன ஆசை?" என்று கேட்டால் பதில் வராது. இரண்டு இடங்களை நேரில் கூட்டிப்போய்க் காட்டி, எங்கே முகம் மலர்கிறது என்று பாருங்கள். ஒரே நாளில் முடிவு தெரியாது. பல மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

இந்த வழிகாட்டியில் நீளமான பகுதி இதுதான். ஒரு காகிதம் இல்லாததால் பணம், இடம், படிப்பு மூன்றும் நின்றுபோகும். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அசல், இரண்டு நகல், கைபேசியில் ஸ்கேன் என்று மூன்று வகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

யூடிஐடி கார்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை. அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து வாங்குவது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு இருக்க வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், தசைச்சிதைவு, தலசீமியா, மனநோய், கற்றல் குறைபாடு எல்லாம் அதில் வரும். "இது கண்ணுக்குத் தெரியாதே, கொடுப்பாங்களா?" என்று விட்டுவிடாதீர்கள். கார்டு இருந்தால் செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறுவயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். 18 வயதில் மறுமதிப்பீடு செய்து நிரந்தரமாக்க வேண்டியிருக்கும். பிறந்தநாளுக்கு முன்பே மருத்துவமனையில் தேதி வாங்கிவிடுங்கள்.

ஆதார். 15 வயதில் கைரேகை, கண் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். கைரேகையோ கருவிழியோ எடுக்க முடியாதவருக்கு விதிவிலக்குப் பதிவு உண்டு, ஆபரேட்டர் முடியாது என்றால் அதைக் கேளுங்கள். முகவரி பெரும்பாலும் இல்லத்தின் முகவரியாக இருக்கும். வெளியே போனபின் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் கைபேசி எண் அவருடையதாகவே இருக்கட்டும். இல்லத்து ஊழியர் ஒருவரின் எண்ணை இணைத்துவிட்டு அவர் வேலையை விட்டுப் போய்விட்டால், ஓடிபி வராமல் எல்லாம் நின்றுவிடும்.

சாதிச் சான்றிதழ். இது பலருக்குத் தெரிவதில்லை. பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தந்தை பெயரோ சாதியோ தெரியாத பிள்ளைக்கும் இதன்படி சான்றிதழ் கேட்கலாம். குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, இல்லத்தின் சேர்க்கைப் பதிவு இரண்டையும் இணைத்துத் தாலுகா அலுவலகத்தில் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதமும் ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே மாறும்.

குழந்தைகள் நலக் குழுவின் எல்லா ஆணைகளின் நகலும் வேண்டும். அவர் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர் என்பதற்கு அதுதான் ஆதாரம். வாக்காளர் அட்டைக்கு 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் பற்றி நீங்களே அறிவீர்கள்.

அவருக்காக யார் முடிவெடுப்பது?

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரைப் பற்றி "வளர்ந்தாலும் குழந்தைதானே" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 18 முடிந்தவர் வயது வந்தவர். சொத்து வைத்துக்கொள்ளவும் வங்கிக் கணக்கு நடத்தவும் மற்றவர்களைப் போலவே அவருக்கு உரிமை உண்டு என்று 2016 சட்டம் சொல்கிறது. இல்லத்தின் கண்காணிப்பாளர் அவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அந்த நாளோடு முடிந்துவிட்டது.

அப்படியானால் எல்லோருக்கும் சட்டப்பூர்வ பாதுகாவலர் வேண்டுமா? வேண்டாம். என் கருத்தில் இதைக் கடைசி வழியாகத்தான் வைக்க வேண்டும். பார்வையில்லாதவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோருக்குப் பாதுகாவலர் எதற்கு? வங்கியில் சில இடங்களில் "கார்டியனைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். பார்வையற்றவருக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் கார்டு, லாக்கர் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்லி, மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் படிவத்தை வாசித்துச் சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்து, பக்கத்தில் உட்காரும் ஒருவர் இருந்தால் பெரும்பாலான முடிவுகளை அவரே எடுப்பார்.

உண்மையிலேயே தேவைப்படும்போது இரண்டு வழிகள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டம் பொருந்தும் (நேஷனல் டிரஸ்ட் என்பது இந்த நான்கு வகையினருக்கான மத்திய அரசு அமைப்பு). மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர், உறவினர் மட்டுமல்ல, பதிவு பெற்ற அமைப்பும் விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்படும் பாதுகாவலர், அவருக்குச் சொத்து இருந்தால் ஆறு மாதத்துக்குள் அதன் பட்டியலையும், பின் ஆண்டுதோறும் கணக்கையும் தர வேண்டும். மற்றக் குறைபாடுகளுக்கு, 2016 சட்டத்தின் 14-வது பிரிவின்கீழ் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் உண்டு: குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். மனநோய் உள்ளவர் சிகிச்சை விஷயத்தில் தனக்கு நம்பிக்கையான ஒருவரை நியமனப் பிரதிநிதியாகத் தானே எழுதிவைக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. நல்ல நிலையில் இருக்கும்போதே அதை எழுதவையுங்கள்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் எட்டிப் பார்க்காத உறவினர், உதவித்தொகை வரப்போகிறது என்று தெரிந்ததும் பாதுகாவலராக வந்து நின்றால், உடனே சரி என்று சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அவரோடு சில நாள் இருந்துவிட்டு வந்த பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உள்ளூர் குழுவிடம் எழுத்தில் சொல்லுங்கள். நல்ல சித்தியும் மாமாவும் நிறையப் பேர் இருக்கிறார்கள்; வறுமையால்தான் வராமல் இருந்திருப்பார்கள். விசாரித்தால் அதுவும் தெரிந்துவிடும்.

பணம்

இல்லத்தை விட்டு வெளியேறியவருக்குத் தரும் பிற்காப்பு உதவி, அதாவது எல்லோரும் ஆஃப்டர்கேர் என்று சொல்வது, 18 முதல் 21 வயது வரை கிடைக்கும். தகுந்த காரணம் இருந்தால் 23 வரை நீட்டிக்கலாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டுதலில் இது மாதம் 4,000 ரூபாய். அவருடைய வங்கிக் கணக்கிலேயே நேரடியாக வரும், அதனால் 18 முடிந்தவுடன் மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்றுங்கள். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். குறைபாடு இருப்பதால் பயிற்சி முடிய நாளாகும் என்பது நீட்டிப்புக்கு நியாயமான காரணம். அதை முதல் நாளே திட்டத்தில் எழுதிவையுங்கள்.

வளர்ப்புக் குடும்பங்கள் கவனிக்க: சட்டத்தில் பிற்காப்பு என்பது நிறுவனப் பராமரிப்பை விட்டு வெளியேறியவருக்கு என்றுதான் எழுதியிருக்கிறது. உங்கள் பிள்ளை முன்பு இல்லத்தில் இருந்தவராக இருந்தால் அந்தக் காலத்தின் ஆணைகளைத் தேடி எடுங்கள். 17 வயதிலேயே பாதுகாப்பு அலகிடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆஃப்டர்கேர் பணம் ஒருநாள் நின்றுவிடும். மாநில அரசின் மாற்றுத்திறனாளி உதவி, தகுதி இருக்கும்வரை தொடரும். அதனால் முதலாவது நிற்பதற்கு முன்பே இரண்டாவதை வாங்கிவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு உள்ளவர்களுக்கும், 75 சதவீதம் அல்லது அதற்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உரியது. இதில் வராதவர்கள் வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது 2023-ல் 1,500 ரூபாயாக உயர்ந்தது. பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், ஓய்வூதியத்துக்குத் தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பணம் வருவது ஒன்று, அதைக் கையாளுவது இன்னொன்று. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அரிசி என்ன விலை என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எல்லாம் மூட்டையாக வந்து இறங்கியதைத்தான் பார்த்திருக்கிறார். 16 வயது முதலே வாரம் 100 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். மீதிச் சில்லறை குறைந்து வந்தால் திட்ட வேண்டாம், எங்கே குறைந்தது என்று சேர்ந்து எண்ணுங்கள். யுபிஐ, பின் நம்பர், "உங்க அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்" என்று வரும் போன் இவற்றையெல்லாம் நடித்துக் காட்டியே பழக்குங்கள்.

எங்கே தங்குவது?

இங்கேதான் மனம் வலிக்கிறது. பெரும்பாலும் நடப்பது, குழந்தைகள் இல்லத்திலிருந்து பெரியவர்கள் இல்லத்துக்கு மாற்றிவிடுவது. வண்டியில் ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது. சிலருக்கு முழுநேரப் பராமரிப்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் யாரையும் குறிப்பிட்ட ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, சமூகத்தில் வாழ அவருக்கு உரிமை உண்டு என்று 2016 சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. வேறு வழிகளைப் பார்த்துவிட்டு, அவரையும் கேட்டுவிட்டுத்தான் பெரியவர்கள் இல்லத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

என்னென்ன வழிகள்? ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழு வீட்டை மாதிரி விதிகளே சொல்கின்றன. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. நேஷனல் டிரஸ்டின் கரௌந்தா திட்டம் அந்த நான்கு வகைக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான குழு இல்லம். நீண்டகால மனநோய் உள்ளவர்கள் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில், உதவியாளர் துணையோடு வாழ முடியும் என்பதை மனநலத் தொண்டு நிறுவனமான பேன்யனின் 'ஹோம் அகெயின்' திட்டம் செய்து காட்டியிருக்கிறது. வளர்ப்புக் குடும்பம் மனமுவந்து தொடர்ந்து வைத்துக்கொள்வதாக இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அப்போதும் செலவு, அறை, அவருடைய பணம் யார் கையில் என்பதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

எந்த இடமாக இருந்தாலும் ஒத்திகை பாருங்கள். முதலில் ஒரு பகல், பிறகு ஒரு இரவு, பிறகு ஒரு வாரம். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலிக்குப் போதுமா, இரவில் வலிப்பு வந்தால் யார் எழுவார், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசமாகப் போகலாம்; அந்தப் பாதையில் அவரோடு நீங்களும் பலமுறை போய் வாருங்கள்.

மருந்து

வலிப்பு மருந்தையும் மனநல மருந்தையும் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. இல்லத்தில் நர்ஸ் கையில் கொடுத்துப் பழகியவருக்கு மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது. வெளியேறும் நாளில் குறைந்தது ஒரு மாத மருந்து கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே, இனிப் பார்க்கப்போகும் பெரியவர்கள் பிரிவு மருத்துவரை ஒருமுறையாவது சந்தித்திருக்க வேண்டும். நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை, தடுப்பூசி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். நேஷனல் டிரஸ்ட் வகைக் குறைபாடு என்றால் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா காப்பீட்டில் சேருங்கள். வெளிநோயாளிச் சிகிச்சை, தெரபி செலவும் அதில் வரும். சக்கர நாற்காலி, காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி), காது கருவி ஆகியவை சிறுவயது அளவிலேயே இருக்கும், புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். மனம் தளர்ந்தால் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்.

படிப்பும் வேலையும்

இதற்கு வழிகள் நிறைய, சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் திறனை மதிப்பிட்டுப் பயிற்சி தருகிறது. முட்டுக்காட்டில் இருக்கும் தேசிய நிறுவனம் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் 'விழுதுகள்' சேவை மையங்களிலும் கேளுங்கள். மெழுகுவத்தி, காகிதப் பை என்று எல்லோரையும் ஒரே பயிற்சியில் தள்ளிவிடுவதை மட்டும் ஏற்காதீர்கள். மாடு என்றால் உயிரை விடும் பிள்ளைக்குப் பால் பண்ணையில் இடம் தேடுங்கள்.

பாதுகாப்பு

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 18 முடிந்தபின் அவருக்குப் பொருந்தாது. மனவயதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் மாற்றுத்திறனாளியை அவமதிப்பது, தாக்குவது, உணவு மறுப்பது, பாலியல் ரீதியாகச் சுரண்டுவது ஆகியவற்றுக்கு 2016 சட்டத்தின் 92-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. உடல், தொடுதல், சம்மதம், கருத்தடை பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். காதலும் கல்யாணமும் அவருக்கும் உண்டு. யாரும் சொல்லித்தராததால்தான் ஏமாறுகிறார்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், எண் 15100. அதை அவருடைய போனில் நீங்களே பதிவு செய்து, ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியேறிய பிறகு

முதல் மாதம் அடிக்கடி போய்ப் பாருங்கள், பிறகு வாரம் ஒருமுறை போன் பேசுங்கள். முன்பு ஒன்றாக இருந்த நண்பர்களை அவர் சந்திக்க வழி செய்யுங்கள். பண்டிகைக்கு எங்கே போவார் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு விடுதி காலியாகும்போது போக்கிடம் இல்லாமல் தவிக்கும் பிள்ளைகள் அதிகம். நீங்கள் வேலை மாறினால் அடுத்தவரிடம் கோப்பை மட்டும் கொடுக்காமல், அவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள்.

ஏற்கெனவே எந்த ஏற்பாடும் இல்லாமல் வெளியே வந்துவிட்ட ஒருவரை நீங்கள் சந்தித்தால், அவருக்கு 21 வயது ஆகவில்லை என்றால், இப்போதும் ஆஃப்டர்கேருக்கு விண்ணப்பிக்கலாம். அவர் கடைசியாக இருந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதுங்கள். ஆணை நகல் இல்லாவிட்டால் அங்கேயும் பழைய இல்லத்திலும் கேளுங்கள். 21 தாண்டியிருந்தால் நேராக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்: முதலில் யூடிஐடி, அடுத்து உதவித்தொகை, பிறகு தங்குமிடம். உரிமை மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் அனுப்பலாம்.